வீரனுக்கு வாத்தியார் வேண்டுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தலைப்பைப் பார்த்துவிட்டு என் வகுப்புத் தோழர்கள் சிலர், "என்னப்பா, சினிமா வசனம் மாதிரி இருக்கே?" என்று வாசலிலேயே மடக்கினார்கள். தலைப்பு என் சொந்தச் சரக்கு இல்லை. நம் விடுதிப் பிள்ளைகள் கேட்ட கேள்வி அது. சனிக்கிழமை ராத்திரி மாடியில் உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுகிறார்களாம். ஒருத்தர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: ஒருவன் போர்வீரன், ஒருவன் மந்திரவாதி, ஒருவன் திருடன். குகைக்குள் போவார்கள், பூதத்தோடு சண்டை போடுவார்கள், புதையல் எடுப்பார்கள். எல்லாம் வாய்ப்பேச்சிலும் பகடையிலும்தான். அம்புலிமாமா படித்து வளர்ந்த நமக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. பூதத்தை அடித்தால் அனுபவப் புள்ளி, புதையல் எடுத்தாலும் அனுபவப் புள்ளி. புள்ளி சேர்ந்தால் அடுத்த 'லெவல்'. அவர்களுக்குள் சண்டை எதில் வந்தது என்றால், புள்ளி சேர்ந்தவுடன் வீரன் தானாக மேலே போய்விடலாமா, அல்லது ஒரு குருவிடம் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டுத்தான் போக வேண்டுமா என்பதில். இரண்டு கட்சி ஆகிவிட்டார்கள். "சார், நீங்க தீர்ப்பு சொல்லுங்க" என்றார்கள்.

இதை விளையாட்டுப் பிள்ளைகள் சமாசாரம் என்று தள்ளிவிட வேண்டாம். இந்த ஆட்டத்துக்கு ஐம்பது வருஷச் சரித்திரம் இருக்கிறது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் ஆரம்பம். 1979-இல் கைகாக்ஸ் ஆட்டத்தை நடத்துகிறவர்களுக்கென்று ஒரு தடித்த விதிப் புத்தகம் போட்டார். அதில் இந்தப் பயிற்சி விதி வருகிறது. புள்ளி நிறைந்தவன் அப்படியே நிற்க வேண்டும். பயிற்சி முடித்து மேலே ஏறும் வரை ஒரு புள்ளிகூட மேற்கொண்டு சேராது. பயிற்சி ஒரு வாரத்திலிருந்து நாலு வாரம் வரை. அவன் எவ்வளவு ஒழுங்காக ஆடினான் என்று நடத்துகிறவர் பார்த்து முடிவு செய்வார். கட்டணம், வாரத்துக்கு 1500 பொன் நாணயம், அதை அவன் இருக்கும் நிலையால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

கணக்கில் ஆர்வமுள்ளவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். அந்த ஆட்டத்தின் விதிப்படி ஒரு திருடன் இரண்டாம் நிலைக்குப் போக 1251 புள்ளி வேண்டும். புதையலில் ஒரு பொன்னுக்கு ஒரு புள்ளி. ஆக, முழுக்க முழுக்கப் புதையலாகவே சம்பாதித்து, கணக்காக அந்தப் புள்ளியைத் தொட்டவன் கையில் இருப்பது 1251 பொன். மிகச் சிறப்பாக ஆடி, ஒரே வாரப் பயிற்சி போதும் என்று பெயர் வாங்கினாலும் கட்டணம் 1500! போர்வீரனுக்கு 2001 புள்ளி. சுமாராக ஆடினான் என்று நாலு வாரம் போட்டுவிட்டால் 6000 பொன். உழைத்துத் தகுதி பெற்றவனிடம், "தகுதி இருக்கு, ஃபீஸ் இல்லையே, வெளியே நில்" என்று சொல்வதாக ஆகிறது. இன்னொரு வேடிக்கை. நிலை உயர்ந்து பெரிய பட்டப்பெயர் வாங்கியவர்களுக்கு ஆசான் தேவையில்லை, தாங்களே பயின்றுகொள்ளலாம் என்றும் அதே புத்தகம் சொல்கிறது. கீழ்ப்படியில் நிற்பவனுக்குத்தான் கெடுபிடி. பிற்பாடு இந்த விதி தேய்ந்துபோய், 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற அளவுக்கு வந்துவிட்டது.

ஏகலைவன் கதையை யாராவது எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். குரு இல்லாமலே வித்தை வரும் என்பதற்குத்தான் எல்லோரும் அதை உதாரணம் காட்டுகிறார்கள். எனக்கு அதில் உறுத்துவது வேறு. பாடம் நடத்தாத வாத்தியார் ஃபீஸ் மட்டும் கேட்டு வாங்கிய கதை அது. அதுவும் கட்டைவிரல்.

சரி, அமெரிக்கக் குகையும் வேண்டாம், அஸ்தினாபுரமும் வேண்டாம். நம் ஊருக்கு வருவோம். படி படியாக ஏறுகிற வித்தைகள் நம் சென்னையில் ஏராளம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் என்று நம்மில் பாதிப் பேர் விரல் தேய்ந்தவர்கள்தான். இங்கிலீஷுக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை லோயர், 45 வார்த்தை ஹையர். கடற்கரைச் சாலையில் நம் வானொலி நிலையம் இருக்கிறது. பாடகர்களுக்கு பி, பி ஹை, ஏ, டாப் என்று அங்கே கிரேடு உண்டு. மயிலாப்பூர் சபா நோட்டீஸில் பெயருக்குக் கீழே 'ஏ கிரேடு' என்று போட்டுக்கொள்வதில் ஒரு தனிப் பெருமை. எந்தப் பெரிய வித்வானிடம் படித்திருந்தாலும் அங்கே உட்கார்ந்து பாடிக் காட்டித்தான் கிரேடு வாங்க வேண்டும்.

ஆனால் இந்தக் கேள்விக்கு அச்சாகப் பொருந்துகிற வித்தை சதுரங்கம். அங்கே அனுபவப் புள்ளி நிஜமாகவே இருக்கிறது. 'ரேட்டிங்' என்று பெயர். நிலையும் இருக்கிறது: இன்டர்நேஷனல் மாஸ்டர், கிராண்ட்மாஸ்டர். கிராண்ட்மாஸ்டர் ஆக வேண்டுமானால் ரேட்டிங் ஒரு தடவையாவது 2500-ஐத் தொட வேண்டும். அதோடு 'நார்ம்' என்பார்கள். பலமான போட்டிகளில் 2600 தரத்துக்கு ஆடிக் காட்டியிருக்க வேண்டும், மொத்தம் 27 ஆட்டத்துக்குக் குறையாமல். அவ்வளவுதான். எங்கே படித்தாய், யாரிடம் படித்தாய் என்று உலக சதுரங்கக் கூட்டமைப்பு கேட்பதில்லை. அதே கூட்டமைப்பு, பயிற்சியாளர் பட்டம் வேண்டும் என்று போனால் மட்டும் செமினாரில் உட்கார், பரீட்சை எழுது என்கிறது. ஆடுகிறவனுக்குப் பலகை சாட்சி, சொல்லிக்கொடுக்கிறவனுக்குத்தான் சான்றிதழ். இதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் நம் தமிழ்நாட்டு மானுவல் ஆரோன். 1961-இல் அந்தப் பட்டம் வந்தது. மறு வருஷம் ஸ்டாக்ஹோமில் போர்ட்டிஷ், உல்மன் என்ற இரண்டு பெரிய ஆட்டக்காரர்களை வீழ்த்தினார். ஒன்பது முறை தேசிய சாம்பியன். அதற்கு அடுத்த படியில் இந்தியாவிலிருந்து ஒருவர் கால் வைக்க 1988 வரை, 27 வருஷம் ஆயிற்று. இப்போது அந்தப் பழைய விதியை இங்கே போட்டுப் பாருங்கள். கிராண்ட்மாஸ்டர் ஆவதற்கு முன்னால் ஒரு கிராண்ட்மாஸ்டரிடம் பயிற்சி எடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருந்திருந்தால், நாடு முழுக்க ஒரு கிராண்ட்மாஸ்டர் இல்லாத அந்த நாளில் விசுவநாதன் ஆனந்த் எங்கே போயிருப்பார்?

ஆனந்துக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தது அவர் அம்மா சுசீலா. அப்போது அவருக்கு ஆறு வயது. பிறகு அப்பா வேலை நிமித்தமாகக் குடும்பம் மணிலா போனது. அங்கே டெலிவிஷனில் சதுரங்கப் புதிர் போடுவார்கள். பையன் பள்ளியில் இருக்கும் நேரம் அது. அம்மா புதிரை எழுதி வைப்பார், பையன் வந்து விடை கண்டுபிடிப்பான், தபாலில் அனுப்புவார்கள், பரிசாகப் புத்தகம் வரும். கடைசியில், 'வேண்டிய புத்தகத்தை எல்லாம் எடுத்துக்கொள், இனிமேல் மட்டும் விடை அனுப்பாதே' என்று சொல்லிவிட்டார்களாம். இதைப் பள்ளிக்கூடம் என்பீர்களா, அடுக்களை என்பீர்களா?

சென்னையில் அவருக்குக் கிடைத்தது டால் செஸ் கிளப். 1972-இல் ஆரோன் முன்னின்று ஆரம்பித்தது. சோவியத் கலாசார மையத்தில் இயங்கியது. மயிலாப்பூரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம், ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலை. அங்கே நடந்ததைப் 'பயிற்சி' என்று சொன்னால் இன்றைய அகாடமிக்காரர்கள் சிரிப்பார்கள். மின்னல் வேக ஆட்டம். ஜெயித்தவன் உட்கார்ந்திருப்பான், தோற்றவன் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். பத்துப் பதினைந்து பேர் நிற்கிற வரிசையில் திரும்ப முறை வர எவ்வளவு நேரம் ஆகும்! ஆக, நாற்காலியை விடாமல் இருக்க ஒரே வழி, தோற்காமல் இருப்பது. எதிரில் வருகிறவர் கல்லூரி மாணவரோ, பெரிய உத்தியோகஸ்தரோ, நாடறிந்த ஆட்டக்காரரோ, எல்லோருக்கும் அதே சட்டம். ஆனந்தின் அசுர வேகத்துக்கு அந்த நாற்காலிக்கு ஒரு பெரிய பங்கு உண்டு.

1984-இல் இன்டர்நேஷனல் மாஸ்டர், 1986-இல் தேசிய சாம்பியன், 1987-இல் உலக ஜூனியர் சாம்பியன், 1988-இல் கிராண்ட்மாஸ்டர். நடுவில் நம் ஊர் லயோலா கல்லூரியில் பி.காம். வேறு. உலக சாம்பியன் ஆனது 2000-இல்.

"பார்த்தீங்களா, குருவே வேண்டாம்னு சார் சொல்லிட்டார்!" என்று விடுதியில் ஒரு கட்சி கைதட்டத் தயாராகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

முதலில், அந்தக் கிளப் தானாக முளைக்கவில்லை. ஒருவர் முன்னின்று நடத்தினார். ஓர் இடம் கிடைத்தது. பலகையும் கடிகாரமும் சோவியத் புத்தகங்களும் இருந்தன. ஆசான் இல்லை என்று சொல்லலாம், கூடம் இல்லை என்று சொல்ல முடியாது. தனியாகக் காட்டில் உட்கார்ந்து யாரும் கிராண்ட்மாஸ்டர் ஆகவில்லை.

இரண்டாவது, அடுத்த தலைமுறையைப் பாருங்கள். ஆர்.பி. ரமேஷ், தானும் கிராண்ட்மாஸ்டர், 2008-இல் தம் மனைவி ஆர்த்தியோடு சேர்ந்து சென்னையில் 'செஸ் குருகுல்' தொடங்கினார். அங்கே வளர்ந்த பிரக்ஞானந்தா 2018-இல், பதின்மூன்று வயது நிறையும் முன்பே கிராண்ட்மாஸ்டர். குகேஷ் வேலம்மாள் பள்ளியில் ஏழு வயதில் ஆட ஆரம்பித்து, விஷ்ணு பிரசன்னாவிடம் பயின்று, 2019-இல் பன்னிரண்டரை வயதில் கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று பதினெட்டு வயதில் உலக சாம்பியன். ஒரு தேசம் 27 வருஷம் ஏறிய படியை இப்போது பன்னிரண்டு வயதுப் பையன்கள் ஏறுகிறார்கள். இன்று இந்தியாவில் கிராண்ட்மாஸ்டர்கள் எண்பது பேருக்கு மேல். ஆசான் கிடைத்தால் பாதை சுருங்குகிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டாம்.

குகேஷ் விஷயத்தில் ஒரு ருசியான தகவல். கம்ப்யூட்டரைத் தொடாமலே வெகுகாலம் அந்தப் பையனைத் தயார் செய்தார் விஷ்ணு. விடையை மெஷின் சொல்லிவிட்டால் மூளை யோசிக்காது என்பது அவர் கட்சி. நல்ல வாத்தியாரின் வேலையில் பாதி, எதைக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்திருப்பது.

அதே வீட்டில் இன்னொரு பக்கமும் உண்டு. குகேஷின் அப்பா காது மூக்கு தொண்டை டாக்டர். மகனோடு ஊர் ஊராகப் போட்டிக்குப் போக வேண்டுமென்று தொழிலையே நிறுத்தி வைத்தார். அம்மா சம்பளத்தில் குடும்பம் ஓடியது. நண்பர்கள் கை கொடுத்தார்கள். டாக்டர் வீட்டிலேயே இந்தப் பாடு. மாதச் சம்பளத்தில் வாடகை வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்? விதிப் புத்தகத்தில் இருந்த அந்த 1500 பொன் ஏதோ கற்பனை என்று நினைத்தவர்கள், அடையாறிலோ தி. நகரிலோ எட்டு வயதுப் பிள்ளையை வைத்திருக்கிற எந்தத் தாயாரையாவது கேட்டுப் பாருங்கள். சதுரங்கம், பாட்டு, நீச்சல், ஐ.ஐ.டி. 'ஃபவுண்டேஷன்'... பட்டியல் ஒப்பிப்பார்.

சங்கீதத்தில் இரண்டு பேரை மட்டும் சொல்லிவிட்டு என் தீர்ப்புக்கு வருகிறேன். ஒருவர் மயிலாப்பூரில் பிறந்த வீணை எஸ். பாலசந்தர். 1954-இல் பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' படம் எடுத்தவரும் அவரேதான். சிறு வயதில் கஞ்சிரா, பிறகு சிதார், பிறகு வீணை. வீணைக்கு அவருக்குக் குரு கிடையாது. தானே தடவித் தடவிக் கண்டுபிடித்த வாசிப்பு. அதற்காக யாரும் அவரை மேடையிலிருந்து இறக்கிவிடவில்லை. 1982-இல் பத்மபூஷண் வந்தது. மற்றவர் இளையராஜா. பதினான்கு வயதிலிருந்தே அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவில் ஊர் ஊராகக் கச்சேரி. விளையாட்டுக் கணக்கில் சொன்னால் அனுபவப் புள்ளி வழிந்து ஓடுகிறது. அந்த மனிதர் சென்னை வந்து, மயிலாப்பூரில் லாட்ஜ் அறையில் இருந்த தன்ராஜ் மாஸ்டரிடம் போய் மேற்கத்திய இசையைப் பாடமாகப் படித்தார். லண்டன் டிரினிட்டி காலேஜ் கிட்டார் பரீட்சையும் எழுதினார். ஏன்? ஆர்மோனியத்தில் ஆயிரம் கச்சேரி வாசித்தாலும், ஒரு கூட்டம் வயலின்காரர்கள் முன்னால் தாளை வைத்து மனதில் இருப்பதை அப்படியே வாசிக்கவைக்கும் வித்தை தானாக வராது. அதற்கு எழுத்து வேண்டும். எழுத்துக்கு ஆசான் வேண்டும். 'அன்னக்கிளி' 1976-இல்தான் வந்தது. நடுவில் அந்தச் சில வருஷங்கள் இருந்தன.

கைகாக்ஸின் விதியில் இரண்டு சங்கதி ஒட்டிக்கொண்டிருக்கின்றன: ஒன்று வாரம், இன்னொன்று பொன். இந்த இரண்டையும் பிரித்துவிடுங்கள் என்பதுதான் விடுதிப் பிள்ளைகளுக்கு என் தீர்ப்பு. வாரம் நியாயம். பூதத்தை அடித்த கையோடு குகைக்குள்ளேயே ஒருவன் திடீரென்று பெரிய வீரன் ஆகிவிடுவதில்லை. ஆனந்தும் ஆடி முடித்த ஆட்டத்தைத் திரும்ப எடுத்து வைத்துப் பார்த்தவர்தான். அனுபவம் வித்தையாக மாற ஓர் இடைவெளி வேண்டும், உட்கார ஓர் இடம் வேண்டும், கூட உட்கார நாலு பேர் வேண்டும். ஆகவே ஆட்டத்தில் வாரத்தை வையுங்கள். பொன்னை எடுத்துவிடுங்கள். ஆசான் கிடைத்தவனுக்கு ஒரு வாரம், கிடைக்காதவனுக்கு நாலு வாரம் என்று வையுங்கள். அது உண்மையான கணக்கு. ஆனால் கிடைக்காதவனுக்குக் கதவே இல்லை என்று வைக்காதீர்கள்.

ஒரே ஒரு விலக்கு. மந்திரவாதியிடம் தீப்பந்து மந்திரம் இருக்கிறதாம். இடம் குறுகலாக இருந்தால் தீ திரும்பி வந்து கூட்டாளிகளையே பொசுக்கிவிடும். அவனிடம் தாராளமாக லைசென்ஸ் கேளுங்கள். டாக்டருக்கும் பஸ் டிரைவருக்கும் நாம் கேட்கிறோமே, அதே காரணம். தப்பு செய்தால் அடுத்தவன் தலையில் விடியும் என்கிற இடத்தில் முன்கூட்டியே பயிற்சி கேட்பது கெடுபிடி ஆகாது. செஸ் பலகையில் தோற்றால் தோற்றவனுக்குத்தான் நஷ்டம். அங்கே காவல்காரன் எதற்கு?

இதைச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. சங்க நிர்வாகிகள் கோபிக்கக் கூடாது. இந்த ஆண்டு நம் கல்லூரி சதுரங்க அணித் தேர்வுக்கு அச்சடித்த விண்ணப்பத்தை ஒரு மாணவர் என்னிடம் காட்டினார். மூன்றாவது வரி: 'பயிற்சி பெற்ற அகாடமி / பயிற்சியாளர் பெயர்'. பக்கத்தில் நட்சத்திரக் குறி, கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று. யாரும் கெட்ட எண்ணத்தில் போட்டிருக்க மாட்டார்கள். கூட்டம் அதிகமாக வரும், சலித்து எடுக்கச் சுலபம் என்று போட்டிருப்பார்கள். ஆனால் வெளியூரிலிருந்து வந்து, டீக்கடை பெஞ்சிலும் செல்போனிலும் ஆடிப் பழகிய முதலாம் ஆண்டுப் பிள்ளை அந்த வரியில் என்ன எழுதும்? அந்தத் தம்பி எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறார். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. ஒரு ஆட்டம்கூட ஆடவிடவில்லை.

அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வருகிற எல்லோரையும் ஆடவிடுங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். கூட்டம் அதிகமென்றால் மேஜைக்கும் நாற்காலிக்கும் முன்னாள் மாணவர்கள் நாங்கள் பொறுப்பு.

அப்புறம் சங்கத்தின் புதுத் திட்டம். நிதி திரட்டிச் சான்றிதழ் வகுப்பு ஒன்று தொடங்குவதாக அறிக்கையில் பார்த்தேன். தொடங்குங்கள், நல்ல ஆசிரியராகப் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் முதல் செலவு அதற்கு வேண்டாம். பழைய நூலகத்தின் கீழ்த்தளத்தில் பூட்டிக் கிடக்கிற அறையைத் திறந்து வெள்ளையடிப்போம். எட்டு மேஜை, பதினாறு நாற்காலி, எட்டுக் கடிகாரம், ஓர் அலமாரி நிறையப் புத்தகம். சாயங்காலம் நாலரையிலிருந்து எட்டு வரை. கட்டணம் கிடையாது, ஃபாரம் கிடையாது. ஜெயித்தவர் உட்காரலாம், தோற்றவர் வரிசையின் கடைசிக்குப் போகலாம். சனிக்கிழமை ராத்திரி விடுதிப் பிள்ளைகள் பகடையோடு அதே அறைக்கு வரட்டும். மொட்டைமாடியில் கொசுக்கடி என்று கேள்விப்பட்டேன்.

முதல் இரண்டு மேஜையும் கடிகாரமும் என் கணக்கு. மீதி ஆறு மேஜைக்குப் பின் வரிசையில் இருக்கிற என் பி.எஸ்ஸி. தோழர்களிடம் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். சாப்பிட்ட பிறகு கேட்டால் தூங்கிவிடுவார்கள்.